ஆர்எக்ஸ் 100 கிளட்ச் கவருக்கு ஆலன் போல்ட் வாங்கும் முன்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், கிளட்ச் கவரைக் கழற்றி முடிப்பதற்குள் பாதி ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பானிய ஜேஐஎஸ் வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, பலம் கொடுத்தால் வழுக்கி வெளியே வரும். தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டுக்கு மாறினால் இந்தத் தலைவலி தீரும்.

மரை எம்6 (6 மி.மீ. விட்டம்), பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1 மி.மீ. இதில் குழப்பமில்லை. தகராறெல்லாம் நீளத்தில்தான். ஒரே கவரில் ஒன்றுக்கு மேற்பட்ட நீளம் வரும், அதனால் ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்து, அப்புறம் தலைக்குக் கீழிருந்து நுனிவரை வெர்னியரில் அளந்து பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினால் வாங்காதீர்கள்.

இன்ஜினின் அலுமினிய கேஸிங்குக்குள் 9 மி.மீ. அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், குறைந்தால் இறுக்கும்போதே கேஸிங்கின் மரை போய்விடும். நீளம் கூடினால் நுனி துளையின் அடியில் முட்டும். கைக்கு டைட்டாகத் தெரியும், ஆனால் கவர் அமுங்கியிருக்காது, ஆயில் கசியும். அதற்கு மேலும் முறுக்கினால் கேஸிங் வெடிக்கும். வாஷர் போட்டால் அதற்கே 1.6 மி.மீ. போகும், அதையும் கணக்கில் சேருங்கள். சரிபார்க்க எளிய வழி: புது கேஸ்கெட்டோடு கவரை வைத்து, போல்ட்டுகளைத் திருகாமல் மரையைத் தொடும்வரை மட்டும் தள்ளுங்கள். எல்லாத் தலையும் ஏறத்தாழ ஒரே அளவு வெளியே நிற்க வேண்டும். ஒன்று மட்டும் துருத்தினாலோ உள்ளே போனாலோ அது இடம் மாறியிருக்கிறது.

உருண்டைத் தலை பட்டன் போல்ட் பார்க்க அழகு, ஆனால் அதற்கு 4 மி.மீ. ஆலன் கீதான், குழியும் ஆழமில்லை, சீக்கிரம் வட்டமாகிவிடும். உருளைத் தலைக்கு 5 மி.மீ. கீ, அதையே வாங்குங்கள். 12.9 என்ற பலத் தரம் கொண்ட கறுப்பு போல்ட் இங்கே தேவையில்லாத பலம், மழையில் துருவும் பிடிக்கும். ஏ2-70 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் போதும், ஆனால் ஈரம் பட்டால் அது அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மரையில் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவாமல் போடாதீர்கள்.

தடவிய பிறகு வழக்கமான 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வரை போகாதீர்கள், கொஞ்சம் குறைத்து, எதிரெதிராக இரண்டு சுற்றில் இறுக்குங்கள்.