வெட்டிப் பழகிய கையும் சமையல் புத்தகமும்

பத்திரிகை டெஸ்கில், அதாவது மற்றவர் எழுதியதைத் திருத்தும் பிரிவில், பல வருடம் உட்கார்ந்தவருக்கு வேண்டாத சொல்லை வெட்டத் தெரியும். உணவு எழுத்துக்கு வரும்போது அவர் செய்கிற முதல் தவறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செய்தியில் கடைசிப் பத்தியை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் குறையாது. முக்கியமானதை முன்னால் வைத்துத்தான் அது எழுதப்படுகிறது. செய்முறை அப்படியில்லை. அதில் கடைசி வரிதான் 'அடுப்பை அணைத்து மூடி வையுங்கள்' என்று சொல்லும். இடம் போதவில்லை என்று 'வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்' என்பதோடு நிறுத்திவிட்டால் எந்தத் தீயில், எவ்வளவு நேரம் என்பது காணாமல் போய்விடும். வெங்காயம் நன்றாகப் பழுப்பேறி இனிப்பு இறங்க, சிறுதீயில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அச்சில் 10 நிமிடம் என்று போட்டால், வாசகர் தீயைக் கூட்டிக் கருக்கிவிட்டு, தன் கைப்பக்குவத்தையே குறை சொல்லிக்கொள்வார்.

அளவுகளை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250. டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. கிராமில் எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. காற்புள்ளியும் இங்கே விளையாடும்: 'ஒரு கப் நறுக்கிய பாதாம்' வேறு, 'ஒரு கப் பாதாம், நறுக்கியது' வேறு. முன்னதில் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும், பின்னதில் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். மெய்ப்பு பார்க்கும்போது அழகுக்காக ஒன்றை மற்றதாக மாற்றினால் பலகாரமே மாறிப்போகும்.

'சுவையான', 'அருமையான' போன்ற சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்கில் மற்றவர் எழுத்தில் வெட்டியதை நம் எழுத்திலும் வெட்டினால் போதும். உணவக விமர்சனம் என்றால் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், ஒரு தடவைக்கு மேல் போங்கள்.

சமையல் கலைஞரோடு சேர்ந்து புத்தகம் எழுதும்போதுதான் பத்திரிகைப் பழக்கம் நிஜமாகவே காலை வாரும். பேட்டி எடுத்துப் பழகியவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். பதிலும் பேட்டி மாதிரியே வரும். அடுப்படியில் கூட நின்று கேளுங்கள், கை வேலையில் இருக்கும்போது வாய் இயல்பாகப் பேசும். 'உப்பு கொஞ்சம் போடுவேன்' என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம். சமைப்பதற்கு முன்னும் பின்னும் உப்பு டப்பாவை எடை போட்டால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 40 பேருக்கான அளவை 10ஆல் வகுத்து 4 பேருக்கு என்று எழுதுவது பெரிய ஆபத்து. பாத்திரத்தின் அகலம் மாறும், நீர் வற்றும் வேகமும் மாறும். வீட்டு அடுப்பில் செய்து பார்த்தே தீர வேண்டும்.

செய்திக்காரர்கள் பேட்டி கொடுத்தவரிடம் எழுதியதைப் பொதுவாக முன்கூட்டியே காட்ட மாட்டார்கள். நல்ல விதிதான். கூட்டுப் புத்தகத்தில் அதைத் தலைகீழாக்க வேண்டும்: ஒவ்வொரு அத்தியாயத்தையும் காட்டுங்கள், முடிந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் துண்டு துண்டாகப் பேசுகிறவர் என்றால் அந்த நடையிலேயே விடுங்கள். அதை இழைத்து வழவழப்பாக்கினால் புத்தகத்தில் கேட்பது உங்கள் குரல்தான். ஆனால் வருடத்தையும் பெயரையும் சரிபார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நினைவு யாரையும் ஏமாற்றும்.

அப்புறம், ஒப்பந்தம். நட்பாகப் பேசி ஆரம்பித்து, பாதி வழியில் கேட்கத் தயங்குகிறவர்கள் நிறைய. அட்டையில் உங்கள் பெயர் வருமா, எந்த அளவில்? முன்பணத்திலும் ராயல்டியிலும் பங்கு எவ்வளவு? நடுவில் பிரிந்தால் எழுதியது யாருக்குச் சொந்தம்? பலர் மறக்கிற இன்னொரு கேள்வியும் உண்டு: 100 செய்முறையை மூன்று தடவை சோதித்தால் 300 சமையல். அந்த மளிகைச் செலவு யார் தலையில்? முதல் வெங்காயத்தை நறுக்குவதற்கு முன்பே அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.