வீங்கிய குழந்தை, வறண்ட ரத்தக்குழாய்

போன வாரம் வார்டில் ஒரு இளம் டாக்டர், நீர் பிரிக்கும் மருந்தான ஃப்யூரோசமைடு ஊசியை நிரப்பிக்கொண்டு நின்றார். கட்டிலில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்) வந்த குழந்தை; கண் திறக்க முடியாத வீக்கம். "காலைத் தொட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அதில் பாதி என் மேலேயே.

தினமும் எடை பார்ப்பது, சிறுநீரை அளப்பது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இந்த நோயில் நாம் தவறு செய்கிற இடங்கள் மட்டும் கீழே.

வீக்கம் என்றதும் நீர் பிரிக்கும் மருந்து

பயிற்சிக் காலத்தில் எனக்கு வந்தவன் நான்கு வயதுப் பையன். முகம், வயிறு, விதைப்பை எல்லாம் வீக்கம். ராத்திரி ஃப்யூரோசமைடு போட்டேன். விடிந்தபோது எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. கேஸ் ஷீட்டில் பெருமையாக எழுதி வைத்தேன். மதியம் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். நாடி 160, பாதம் சில்லிட்டிருந்தது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. சீனியர் வந்து சலைன் ஏற்றி, அப்புறம் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைக் கொடுத்த பிறகுதான் சிறுநீர் வரத் தொடங்கியது.

ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது ஆல்புமின். அது சிறுநீரில் போய்விட்டால் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. வெளியே உப்பியிருக்கும் குழந்தைக்கு உள்ளே ரத்தக்குழாய் வறண்டிருக்கலாம். அந்த நேரத்தில் இன்னும் நீரை இழுத்தால் சிறுநீரகம் அடிபடும், ரத்தம் உறையும், ரத்த ஓட்டம் சரிந்து குழந்தை ஷாக்கில் போகும்.

எல்லாக் குழந்தையும் இப்படி இல்லை என்பதுதான் சிக்கல். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளேயும் நிரம்பி நிற்கும் குழந்தைகள் உண்டு. கை கால் வெதுவெதுப்பாக இருக்கும், ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அவர்களுக்கு ஃப்யூரோசமைடு சரியான மருந்துதான். சில்லென்ற பாதம், வேகமான நாடி, விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆவது, வயிற்றுவலி, ஏறிக்கொண்டே போகும் ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு): இவை இருந்தால் ஊசியைக் கீழே வையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் அப்படியே. 'பிரஷர் நார்மல்' என்று நிம்மதி அடையாதீர்கள். குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் விழும். உள்ளே வறண்டிருக்கிறதா என்று அறியச் சிறுநீரில் சோடியம் பார்ப்பதாக இருந்தால் மருந்துக்கு முன்னால் எடுங்கள். போட்ட பிறகு வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

லேசான வீக்கம் என்றால் அவசரமே இல்லை. ஸ்டீராய்டு வேலை செய்யும் குழந்தைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர் தானே கொட்டும்.

ஆல்புமினை டானிக் போல ஏற்றுவது

ரிப்போர்ட்டில் ஆல்புமின் குறைவு என்பது மட்டும் காரணமாகாது. ஏற்கனவே நிரம்பியிருக்கும் குழந்தைக்கு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். தேவைப்பட்டால் 20% ஆல்புமின், கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், சில மணி நேரம் எடுத்து மெதுவாக. பக்கத்திலேயே இருந்து மூச்சையும் பிரஷரையும் பாருங்கள். கோலா நிறச் சிறுநீரோடு பிரஷரும் ஏறி வரும் குழந்தைக்கு வியாதியே வேறு. அங்கே ஆல்புமின் பக்கம் போகவே வேண்டாம்.

உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை நிறுத்துவது

முதலில் உப்பைக் குறையுங்கள். உப்புத் தின்ற குழந்தை தண்ணீர் கேட்டு அழத்தான் செய்யும்.

வீங்கிய எடைக்கு மருந்துக் கணக்கு

வீக்கத்துக்கு முந்தைய எடையைத் தாயிடம் கேட்டு, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தொடைச் சிரையில் ரத்தம் எடுப்பது

கூடாது. அங்கே உறைந்தால் காலே வீங்கும்.

காய்ச்சலோடு வயிற்றுவலி

வீக்கத்தால் வலிக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். வயிற்றுக்குள் தேங்கிய நீரில் கிருமி புகுந்திருக்கலாம். ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல்கூட அடங்கியே தெரியும். ஆன்டிபயாட்டிக்கை அன்றைக்கே தொடங்குங்கள்.