வசனம் பகுக்கவும் கால் கழுவவும்: டெல்டா ஊர்ச் சபைக்கு ஒரு கைமுறை

பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் கால் கழுவும் வழக்கம் தஞ்சை, நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் உண்டு. வருகிற பன்னிரண்டு பேரும் பெரும்பாலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13இல் இருப்பது தெருப்புழுதி படிந்த கால். அந்த அதிகாரத்தை வாராவாரம் கையால் செய்வது எப்படி, வாயால் சரியாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். இரண்டையும் இரண்டு குழுவுக்குப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். பாடம் நடத்துகிறவர் கை ஈரமாகாது. வேலை செய்கிறவரிடம் ஏன் செய்கிறாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆறு பேர் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். ஆணும் பெண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. பாடம் நடத்துவது மாதம் ஒருவர். எந்த மாதம் யார் பாடம் நடத்துகிறாரோ, அந்த மாதம் கஞ்சிப் பாத்திரம் கழுவுவதும் அவரே. இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டாம் மாதமே பாத்திரம் பெண்கள் பக்கம் நகர்ந்துவிடும், ஒலிபெருக்கி ஆண்கள் பக்கம் நின்றுவிடும்.

பாடம் தயாரிப்பது

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது 1715இல். இந்தக் கரையில் புராட்டஸ்டன்ட் போதனை தொடங்கியதே, போதிக்க வந்தவர் மாணவராக உட்கார்ந்ததில்தான். நீங்களும் ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். சனிக்கிழமை இரவு ஒரே மூச்சில் வேண்டாம்; மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி.

முதல் நாள் அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு இரண்டு தடவை வாசியுங்கள். பேசுவது யார், யாரிடம், அதற்குமுன் என்ன நடந்தது: இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் முந்தின அதிகாரத்துக்குப் போங்கள். இரண்டாம் நாள் சொற்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆக்கினை, பிரயாசம், பந்திவிசாரணை என்று வருவதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்கு வெறும் ஓசை. கத்தோலிக்கர் வீடுகளில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பை இரவல் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடுகிற இடத்தில்தான் பாதிக் கேள்விகள் பிறக்கும். மூன்றாம் நாள் ஒத்துவாக்கியங்களை, அதாவது இதே பொருளில் வேதத்தில் வேறு இடங்களில் வரும் வசனங்களைப் பார்த்துவிட்டு, ‘இந்த வாரம் யார் வீட்டில், என்ன செய்வோம்’ என்று கடைசியாக ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத பாடத்தை நடத்த வேண்டாம்.

பகுத்துப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எரேமியா 29:11 நல்ல எடுத்துக்காட்டு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அது அடிக்கடி வரும். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ என்ற சொற்களைப் பார்த்ததும், மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, நிலத்து வழக்கில் தீர்ப்பு என்று நாம் மனதில் வைத்திருக்கும் முடிவை அதில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம். ஒரு வசனம் மேலே போனால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் அந்த முடிவைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். இன்னும் மேலே, ஐந்து முதல் ஏழு வரை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். உங்களைச் சிறைபிடித்த ஊரின் நன்மையைத் தேடு என்கிற வார்த்தை அது. அட்டையில் அச்சாகாத அந்த வசனத்தை எடுத்தால் ஊர்க் குளம் தூர்வாருவதிலிருந்து பக்கத்து வீட்டு மாற்றுமதத்தாருக்கு ஆஸ்பத்திரித் துணை போவது வரை வேலை கிடைக்கும்.

கூட்டம் நாற்பது நிமிஷம் போதும். வாசிப்புக்குப் பத்து, விளக்கத்துக்குப் பதினைந்து, கேள்விக்குப் பதினைந்து. கேள்வி நேரத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தெரியாததற்கு ‘தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, அடுத்த வாரம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். யூடியூப் பிரசங்கத்தில் கேட்டேன் என்று யாராவது ஒன்றைக் கொண்டுவந்தால் கேலி செய்ய வேண்டாம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11. அதே முறையில் அந்த வசனத்தை எடுத்து எல்லோருமாக வாசியுங்கள். போதித்தது தவறு என்று பிறகு தெரிந்தால், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் திருத்த வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது திருத்தம் ஆகாது.

நோயைப் பற்றிய போதனையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு உயிரைத் தொடும். ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்லித் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார் (1 தீமோ. 5:23). துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதுகிறார் (2 தீமோ. 4:20). லூக்கா வைத்தியர். ஜெபியுங்கள், சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தச் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை.

கால் கழுவுவது

கும்பகோணம் என்றதும் ஒரு காலத்தில் யானைக்கால் நினைவுக்கு வரும். தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு நுண்புழுவைப் பரப்பியதால் வந்த நோய் அது. பழைய பாதிப்போடு வாழும் முதியவர்கள் டெல்டா ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘முன்செய்த பாவம்’ என்று அவர்கள் காதுபடவே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதும், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்ன பதிலும் யோவான் 9:2, 3இல் உள்ளன. முதல் வீட்டுக்குப் போகும் முன் உங்கள் குழு இந்த இரண்டு வசனத்தையும் படித்திருக்க வேண்டும்.

இருவர் இருவராகப் போங்கள். பெண் நோயாளிக்குப் பெண்கள், ஆணுக்கு ஆண்கள். முதல் தடவை வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டு, சம்மதமா என்று கேட்டு, நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டாம் தடவை எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு பிளாஸ்டிக் பேசின், வாசனை அதிகமில்லாத மென்மையான சோப்பு, கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணி நான்கு, விரலிடுக்கு துடைக்கக் காஸ் துணி, டார்ச், கையுறை. தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தது, ஒரு குடம். வெந்நீர் கூடாது. சர்க்கரை நோயாளிக்குக் காலில் சூடு உறைக்காது, கொப்புளித்த பிறகுதான் தெரியும்.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது கிருமி ஏறிய அறிகுறி. அன்று தேய்க்கவோ பிசையவோ வேண்டாம். குளிர்ந்த ஈரத் துணி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அப்படி இல்லையென்றால் தொடங்கலாம். சோப்பை நேராகக் காலில் தேய்க்காமல் கையில் நுரைத்துப் பூசுங்கள். வீக்கம் தொடங்கும் மேல்பகுதியிலிருந்து பாதம் நோக்கி இறங்குங்கள். மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும் தோலை மெல்ல விரித்து உள்ளே கழுவ வேண்டும். நாற்றமும் புண்ணும் அங்கேதான் ஒளிந்திருக்கும். விரலிடுக்குக்கு விரலில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள். நன்றாக இருக்கும் மறுகாலையும் இதேபோல் கழுவ வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் தப்பு நடப்பது துடைப்பதில்தான். அவசரத்தில் அழுத்தித் துடைத்தால் தோல் உரியும். விரலிடுக்கை ஈரமாக விட்டால் பூஞ்சை வந்து, அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, திரும்பக் காய்ச்சல். ஒற்றி ஒற்றி எடுங்கள், காஸ் துணியை ஒவ்வோர் இடுக்கிலும் செருகி எடுங்கள். இடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் இருந்தால் மருத்துவர் எழுதிய களிம்பு மட்டும் போடலாம். மஞ்சள் பற்று, பச்சிலை, சாம்பல் எதுவும் கூடாது. கீறி நீர் எடுக்கிறேன் என்று யாரையும் விடக் கூடாது.

கழுவிய பின் உட்காரும்போது காலை ஸ்டூலில் நீட்டி வைக்கவும், இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தவும் சொல்லுங்கள். இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது நல்லது, காய்ச்சல் நாட்களைத் தவிர. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை உண்டு. சுகாதார நிலையத்தில் விசாரித்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் இந்த ஊழியத்தில் சேர்த்திதான்.

இது தினமும் செய்ய வேண்டிய வேலை. வாரம் ஒருமுறை நீங்கள் போய்க் கழுவுவதால் மட்டும் பயன் குறைவு. எனவே மூன்றாம் வாரம் மருமகளோ பேரனோ கழுவட்டும், நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். நான்காம் வாரம் நோயாளியே, கை எட்டும் மட்டும் கழுவட்டும், நீங்கள் பாருங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை போனால் போதும். நம்மைத் தேடவில்லையே என்று அந்த நேரத்தில் மனம் கொஞ்சம் சுருங்கும், சுருங்கட்டும்.

அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். காலனித் தெருவில் கால் கழுவிவிட்டு, வாய் நனைக்காமல் மேலத்தெருவுக்குத் திரும்புகிறவர், ஆள் பார்த்து நடத்தாதே என்கிற யாக்கோபு 2ஐ இன்னும் படிக்கவில்லை. யோவான் 13இல் பேதுரு இயேசுவிடம் தன் காலைக் கழுவக் கொடுக்க மறுத்ததும் இதே சிக்கல்தான், பிறரிடம் வாங்கிக்கொள்ள மனம் வராதது. வீட்டிலேயே ஜெபம் செய்யலாமா? அவர்கள் கேட்டால் செய்யலாம், கேட்காவிட்டால் வேண்டாம். துண்டுப் பிரசுரம் பையில் இருக்கக் கூடாது, போன் பையிலேயே இருக்க வேண்டும். அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பழைய ஏச்சுக்கு நாமே ஆதாரம் தரக் கூடாது.

கஞ்சியும் கணக்கும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நிற்கும் நாட்களில் கஞ்சி வைக்கலாம். ஐம்பது பேருக்கு அரிசி மூன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ, தண்ணீர் முப்பது லிட்டர். உப்பு முதலில் 150 கிராம் போட்டுவிட்டு ருசி பார்த்துச் சேருங்கள். அடி பிடிப்பது பருப்பால்தான். அது குழைந்த பிறகு தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பாய், ஒரே வகை டம்ளர், வந்தவர் எல்லோருக்கும். சமைத்தவர்களும் அதே பந்தியில் உட்கார வேண்டும்.

அரிசிக்கு அறுப்பின் பண்டிகையே வழி. தை, மாசியில் சம்பா அறுத்ததும் மூட்டைகள் காணிக்கையாக வரும், ஏலமும் நடக்கும். ஏலம் தொடங்கும் முன்பே ஏழைகளின் பங்கை அளந்து தனியே எடுத்துவிடுங்கள். ஏலத்தின் உற்சாகத்தில் மிச்சம் என்று ஒன்று இருக்காது. வயலோரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு என்கிறது லேவியராகமம் 19:9. மிஷின் அறுப்பு வந்தபின் கதிர் பொறுக்க வழியில்லை, அதனால் இப்படித்தான் விட முடியும்.

காணிக்கைப் பெட்டியை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். எண்ணிய இடத்திலேயே பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெரிய தொகையைப் பவுலும் தனியாகத் தூக்கிப் போகவில்லை, 2 கொரிந்தியர் 8:19 முதல் 21 வரை பாருங்கள். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, முன்பு கொடுத்ததற்கே பணம் வரவில்லை என்று குடியானவர்கள் நெல் கொண்டுவர மறுத்தார்கள். மிஷனரி சுவார்ட்ஸ் தன் வார்த்தையைப் பிணையாகக் கொடுத்த பிறகுதான் தானியம் வந்தது. எல்லாம் முடிந்ததும் அவர் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். மளிகைக் கடையில் உங்கள் குழுவுக்குப் பாக்கி இருந்தால், அடுத்த கஞ்சிக்கு முன் அதை அடைத்துவிடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவை வாசிக்கும்போது தொகையும் வீடுகளின் எண்ணிக்கையும் போதும். பெற்றவர் பெயர் வேண்டாம். கொடுத்தவர் பெயரும் வேண்டாம் என்று முதல் மாதமே முடிவுசெய்து அறிவித்துவிடுங்கள். மூன்றாம் மாதம் அறிவித்தால், அதற்குள் பெயர் வாசிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், வாசிக்கப்படாதவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு கட்சி ஆகியிருக்கும்.