4294967297: பகா எண் என்று நம்பவைக்கும் எண்ணில் செய்யக்கூடாத தவறுகள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். கடைசி இலக்கம் 7, இலக்கங்களின் கூடுதல் 59. அதனால் 2, 3, 5 எதுவும் வகுக்காது. பலரும் இத்துடன் பகா எண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இதில் ஏமாந்தார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முறையே வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் நம் எண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். 1732-ல் ஆய்லர் என்ற கணித மேதை அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். சந்தேகமிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 641 × 6700000 = 4294700000, 641 × 417 = 267297. இரண்டையும் கூட்டினால் போதும்.

சரி, எதுவரை வகுத்துப் பார்ப்பது? எண்ணில் பாதிவரை போவது வீண் வேலை; நூறோடு நிறுத்துவது அவசரம். வர்க்கமூலம்வரை, அதாவது 65536 வரை போனால் போதும். அதற்குள்ளேயே 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் இந்த எண்ணின் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் நிரூபித்திருக்கிறார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் சிக்கிவிடும்!

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. 7, 11, 13 வகுக்குமா என்று பார்க்க, வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாறிமாறிக் கூட்டிக் கழிப்போம்: 297 − 967 + 294 − 4 = −380. மூன்றுமே 380-ஐ வகுக்காது. ஆகவே நம் எண்ணையும் வகுக்காது. இதை லட்சம், கோடிக் காற்புள்ளிப்படி செய்தால் கணக்கு கெட்டுப்போகும். 1,00,100-ஐ அப்படிப் பிரித்தால் 100 − 0 + 1 = 101 வரும்; 7 வகுக்காது என்று தோன்றும். மும்மூன்றாகப் பிரித்தால் 100 − 100 = 0. உண்மையில் அது 7 × 14300.

கணினியிடம் விட்டால் கவலையில்லை என்பதும் தப்புதான். குறியில்லாத 32 பிட் முழு எண்ணில், அதாவது கழித்தல் குறிக்கு இடமின்றி 0, 1 என்ற இலக்கங்கள் 32-ஐ மட்டும் வைத்து எழுதும் எண்ணில், 4294967295 வரைதான் கொள்ளும். நம் எண்ணை அதில் போட்டால் சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். 641 வகுக்குமா என்று கேட்டால் மீதி 1 என்று பதில் வரும்.

அப்புறம் ஃபெர்மா சோதனை. ஓர் எண் பகா எண்ணானால், அது வகுக்காத ஒரு சிறு எண்ணை (அடிமானம்) அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை எழுதிப் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 2-ஐ அடிமானமாக வைத்தால் இந்தப் பகு எண் தேறிவிடும், மீதி 1 வரும். 3-ஐ வைத்தால்தான் குட்டு உடையும். இதற்கு 64 பிட் போதும் என்று நினைக்காதீர்கள். 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று வர்க்கமாக ஏறி, அடுத்த படியில் 64 பிட்டும் நிரம்பி வழிந்து விடை 0 ஆகிவிடும். பெரிய எண்களுக்கான வசதியுள்ள பைத்தான் நிரல்மொழியில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.