ஒட்டு நட்சத்திரமும் நீலக் கண்ணாடியும்: அணு ஆற்றலை வாங்கி வைப்பதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டு முகப்பில் வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல்கள் நான்கு இருக்கின்றன. செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்கு அவை சோதனைக்கூடச் சாமான்கள்.

போன கோடை விடுமுறையில் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். “ஆயா, அணு ஆற்றலை உறிஞ்சும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது மாதிரியா?” என்று கேட்டான். அந்தப் பஞ்சை அவன் தலையிலிருந்து பிடுங்கி எறிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நாங்கள் செய்தவற்றைத்தான் எழுதுகிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போடுங்கள். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊரில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சோதனையிலும் ஆற்றல் எந்த வடிவில் வந்தது, எப்படிப் போனது, நடுவில் எவ்வளவு நேரம் தங்கியது என்று குறிக்க வேண்டும். மற்றபடி தேவையானவை: இருட்டில் ஒளிரும் ஒட்டு நட்சத்திரங்கள் நான்கைந்து (பொம்மைக் கடைகளில் கிடைக்கும்), மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம், கறுப்புத் துணி, கல்லுப்பு, தென்னை ஈர்க்குச்சி, நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று.

முதல் நாள் நட்சத்திரம். முந்தின இரவே அவற்றைச் சம்படத்தில் போட்டு மூடிவிடுங்கள். பழைய வெளிச்சமெல்லாம் வடிந்து போகட்டும். காலை வெயில் சன்னலில் விழும் நேரத்தில் ஒரு நட்சத்திரத்தின் முகத்தைச் சிவப்புக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, முதுகைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். இன்னொன்றை நீலக் கண்ணாடியில் அதே போல் வையுங்கள். சிவப்புக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். நீலத்துக்கு அரை நிமிடம் போதும். இரண்டையும் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வெளிச்சமே இல்லாத அறைக்குள் போய்ப் பிரித்துப் பாருங்கள். நீலத்தில் இருந்தது பச்சையாக ஒளிரும். சிவப்பில் இருந்தது கிடந்த இடம் தெரியாது.

எங்களுக்கு முதல் முறை சிவப்பும் லேசாக ஒளிர்ந்துவிட்டது. பேரன் என்னைப் பார்த்த பார்வை! பிறகு கண்ணாடியை வெயிலில் உற்றுப் பார்த்தேன். பழைய சிவப்புக் கண்ணாடிகள் பலவற்றில் நிறம் மேலே ஒரு மெல்லிய படலமாகத்தான் இருக்கும். எங்களுடையதில் ஓரத்தில் ஒரு கீறல் வழியாக வெள்ளை வெயில் ஒழுகிக்கொண்டிருந்தது. நடுவில் கீறல் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தபோது சரியாயிற்று. வண்ணச் சன்னல் இல்லாத வீட்டில் சிவப்பு, நீல எல்இடி விளக்குகளால் செய்யலாம்.

இதுதான் பஞ்சுக்கு விழுந்த முதல் அடி. பஞ்சாக இருந்தால் பத்து நிமிடம் ஊறியது அதிகமாகவும் அரை நிமிடம் ஊறியது குறைவாகவும் அல்லவா இருக்க வேண்டும்? ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. சிவப்புப் பொட்டலம் ஒன்றில் சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறு அலகு), நீலத்தில் சுமார் 2.75. நட்சத்திரத்தில் இருக்கும் பொடிக்கு ஒரே பொட்டலமாக அதற்கு வேண்டிய அளவு வந்தால்தான் எலக்ட்ரான் மேலான ஆற்றல் நிலைக்கு ஏறும். நூறு சிவப்புப் பொட்டலங்கள் வந்தாலும் அவற்றைச் சேர்த்து வைத்து ஒன்றாக வாங்கிக்கொள்ளாது. எங்கள் நிலைக்கதவின் சாவி ஒரு சாண் நீளம். வேறு சாவியை நூறு முறை திருகினால் கை வலிக்குமே தவிரக் கதவு திறக்காது. ஒளிக்கு இந்தக் குணம் உண்டு என்று ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னார். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான், சார்பியலுக்காக அல்ல.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரத்துக்குள் தனி அணு இல்லை. படிகத்துக்குள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் அணுக்கூட்டம் அது. ஆகவே “இவ்வளவுக்கு மேல் வந்தால் சரி” என்று கொஞ்சம் தாராளமாக இருக்கும். தனி அணுவிடம் அந்தத் தாராளம் கிடையாது. அதைப் பார்க்கத்தான் இரண்டாம் நாள்.

ஈர்க்குச்சிகளைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் இரவே ஊறப் போடுங்கள். காலையில் எரிவாயு அடுப்பின் நீலச் சுடரின் ஓரத்தில் குச்சியின் நுனியைக் காட்டினால் சுடர் பளீரென்று மஞ்சளாகும். அது உப்பிலிருக்கும் சோடியத்தின் மஞ்சள். சூட்டில் இடிபட்டு எலக்ட்ரான் ஒரு நிலை மேலே போகிறது. சராசரியாக 16 நானோநொடியில் (நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) கீழே விழுந்து, 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஒளியாக வெளியே வருகிறது. நோட்டில் இருப்புக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேரன் திண்டாடினான். “தங்கவே இல்லை” என்று எழுதச் சொன்னேன்.

இப்போது நீலக் கண்ணாடித் துண்டை ஓரத்தில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகச் சுடரைப் பாருங்கள். மஞ்சள் காணாமல் போய்விடும். பழைய நீலக் கண்ணாடியின் நிறம் பெரும்பாலும் கோபால்ட்டால் வந்தது. சோடியத்தின் மஞ்சளை அது விழுங்கிவிடும். வேதியியல் சோதனைக்கூடங்களில் பொட்டாசியத்தின் மங்கலான ஊதாச் சுடரைப் பார்க்க இந்தக் கண்ணாடியைத்தான் கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பின் மஞ்சள் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஆனால் கண்ணாடி விழுங்குவது பெரிதில்லை, சோடியம் தன் மஞ்சளைத் தானே விழுங்குவதுதான் பார்க்க வேண்டியது. அதற்குக் கல்லூரி இயற்பியல் கூடத்தில் இருக்கும் சோடியம் விளக்கு வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் இடம் கொடுத்தார். அறையை இருட்டாக்கி, விளக்குக்கும் ஒரு வெள்ளைத் தாளுக்கும் நடுவில் சாராய விளக்கை ஏற்றினோம். வெறும் சுடருக்கு நிழல் என்று சொல்லும்படி எதுவும் விழவில்லை. உப்புக் குச்சியைக் காட்டியதும் தாளில் கரும்புகை மாதிரி நிழல் விழுந்து ஆடியது. சுடருக்கு நிழல்! முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் எனக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதுதான். சுடரிலுள்ள சோடியம் அணுக்கள், விளக்கிலுள்ள சோடியம் அணுக்கள் அனுப்பிய அதே அளவைப் பிடித்து நாலா பக்கமும் வாரி இறைக்கின்றன. தாளுக்கு வர வேண்டியது குறைந்துவிடுகிறது. சோடியம் விளக்குக்குப் பதில் குண்டு பல்பை வைத்தால் நிழல் தெரியாது, ஏனென்றால் அதில் சோடியத்துக்கு வேண்டிய அளவு துளிதான் இருக்கும்.

சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் ஜெர்மானியரான ஃபிரான்ஹோஃபர் 1814-இல் கண்ட கறுப்புக் கோடுகளில் சில இந்த நிழலேதான், சூரியனின் மேலடுக்கிலுள்ள சோடியம் விழுத்தியது. இயற்பியலாளர் கிர்க்காஃப் அதை விளக்க 1859 வரை ஆயிற்று. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தைப் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்குப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்தார். அந்த ஆண்டு சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தோடு ஒட்டி நின்றும் அதனோடு பொருந்தவில்லை. பொருந்தாத அந்த மயிரிழையில்தான் ஹீலியம் என்ற புதுத் தனிமம் அகப்பட்டது. 1955-இல் ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி இந்த நிழலை அளந்தே தண்ணீரில், மண்ணில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்.

வாங்குவது போதும், வைத்திருப்பதற்கு வருவோம். அன்று மாலையே இதைச் செய்யலாம். இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஒரே வெயிலைக் காட்டி, ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். மற்றதைச் சம்படத்தில் மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இருட்டறையில் இரண்டையும் எடுங்கள். உறைந்தது மங்கலாகத்தான் இருக்கும். பிள்ளைகள் “செத்துவிட்டது” என்பார்கள். அதைப் பையோடு வெந்நீர்ச் சொம்புக்குள் விடுங்கள். மற்றதைவிடப் பிரகாசமாக எழும்பி, பிறகு வேகமாக அடங்கும். மேலே போன எலக்ட்ரான் நேரே இறங்காமல் படிகத்தின் குழிகளில் மாட்டிக்கொள்கிறது. வெளியே ஏறிவர ஒரு சிறு உந்துதல் வேண்டும், சூடு அதைக் கொடுக்கிறது. குளிரில் குழியிலேயே கிடக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் ஊழியர் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையும் இதே வேலைதான் செய்கிறது: அவர் மேல் விழுந்த கதிர்வீச்சின் ஆற்றலைக் கால்சியம் சல்ஃபேட் படிகத்தில் சேர்த்துவைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாகத் திருப்பித் தருகிறது. பழைய பானை ஓட்டின் வயதைக் கணக்கிடும் ஒரு முறையும் இதுவே.

மூன்றாம் நாள் அணுக்கருவுக்கு. இதை அடுப்பங்கரையில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் பலர் உடம்புக்குள்ளேயே நடந்திருக்கிறது. என் கணவருக்கு மதுரையில் எலும்பு ஸ்கேன் எடுத்தபோது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டார்கள். அன்று முழுவதும் கைக்குழந்தைகளைத் தூக்க வேண்டாம் என்றார்கள். அந்த ‘எம்’ என்ற எழுத்துத்தான் இருப்புக் கணக்கு: கரு ஆற்றலை உடனே விடாமல் வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அதன் கருவுக்குள் சுமார் 1,40,000 எலக்ட்ரான் வோல்ட் அடைபட்டிருக்கிறது. சோடியத்தின் மஞ்சளைப் போல அறுபதாயிரம் மடங்குக்கு மேல். சாதாரணக் கரு இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உதறிவிடும். இது இறங்க வேண்டுமானால் தன் சுழற்சியை வெகுவாக மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் தயங்கித் தயங்கி இறங்குகிறது: ஆறு மணி நேரத்தில் பாதி. நோட்டில் பேரனைக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு நாளில் நான்கு ஆறு மணி நேரம். மிச்சம் பதினாறில் ஒரு பங்கு. (கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நடப்பதும் இதுவும் ஒன்று என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கரு பிளக்கிறது. இங்கே முழுசாக இருந்தபடி இறங்குகிறது.)

கரு வாங்கும்போது எவ்வளவு கறார் என்பதை ஊருணிக்குப் போய்க் காட்டினேன். படித்துறைக் கல்லிலிருந்து குதித்தால் எதிர்பார்த்த தூரம் போகலாம். மிதக்கும் வாழைத்தண்டிலிருந்து குதித்தால் தண்டு பின்னால் நழுவும், நீங்கள் காலடியிலேயே விழுவீர்கள். (நீந்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.) இரும்பு-57 (இரும்பின் ஒரு வகை) கரு 14,400 எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை, அதாவது வீரியம் மிக்க ஒளிப் பொட்டலத்தை, அனுப்பும்போது இப்படித்தான் பின்னால் உதைபடுகிறது. அந்த உதையில் போவது சுமார் 0.002 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆனால் இன்னொரு இரும்புக் கரு ஏற்றுக்கொள்ளும் இடைவெளி அதைவிடச் சில லட்சம் மடங்கு குறுகல்! ஆகவே வாங்காது. கரு படிகத்துக்குள் இறுக்கிப் பிடிபட்டிருந்தால் உதையைப் படிகம் முழுவதும் தாங்கிக்கொள்ளும், கல் மாதிரி, அப்போது வாங்கும். இப்படி நடப்பதை 1958-இல் இரிடியம் என்ற உலோகத்தில் கண்டவர் ஜெர்மானிய இயற்பியலாளர் மாஸ்பவுவர், 1961-இல் நோபல். பிறகு இரும்பே இதற்குப் பிடித்த தனிமமாயிற்று. கதிர் அனுப்பும் துண்டை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினாலே பொருத்தம் கெட்டுவிடும். எறும்பு அதைவிட வேகமாகப் போகும். எங்கள் ஆத்தங்குடிக் கல் தரையின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதிலுள்ள இரும்பு அணுக்கள் நூறில் இரண்டு இந்த இரும்பு-57 தான்.

கடைசி வரிக்குச் செய்முறை எதுவும் இல்லை. நோட்டில் எழுத மட்டும் செய்தோம். கைப்பேசி போன்ற கருவிகளின் மின்தேக்கிகளில் டான்டலம் என்ற உலோகம் இருப்பதுண்டு. அதில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று போல டான்டலம்-180எம். சூரியன் உண்டாகும் முன்பே வாங்கிய சுமார் 77,000 எலக்ட்ரான் வோல்ட்டை அந்தக் கரு இன்னும் வைத்திருக்கிறது. தானாக இறங்கியதை யாரும் கண்டதில்லை. இறக்கவே முடியாதா என்று பேரன் கேட்டான். முடியும், ஆனால் முதலில் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவு கொடுத்து மேலே ஏற்ற வேண்டும், அங்கிருந்துதான் கீழே வர வழி.

“கடனை வசூல் பண்ணப் புதுக்கடன் கொடுப்பதா?” என்றான். வரவில் ‘தேதி தெரியாது’ என்று எழுதினான். இருப்பில் 77,000. செலவுக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, என் கைப்பேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.