டிக்கியில் பெட்டி இருக்கும் நாள்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் ஏழு மணிக்கு முன்னால் மதுரையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இருப்பேன். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை, நடுவில் கொடைரோடு டோல்கேட். ஒன்பது வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தொடங்குகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். பிடிப்பு, மூச்சு, ட்ரிகர் எல்லாம் கோச் சொல்லித்தருவார். வீட்டுப் பீரோவுக்கும் ரேஞ்ச் மேஜைக்கும் நடுவில் இருக்கிற சாலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் சிக்கலில் மாட்டியதெல்லாம் அங்கேதான். நான் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். அதனால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன்.

லைசென்ஸ் யாருக்கு வேண்டும்

10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள் சுடுகிறவர்களுக்கு வேண்டாம். 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். குழல் முனையில் பெல்லட்டின், அதாவது சின்ன ஈயக் குண்டின், ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. போட்டிக்குச் சுடும் ஏர் பிஸ்டல் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. பெல்லட் எடை 0.53 கிராம், வேகம் வினாடிக்கு 150 மீட்டர் என்று வைத்தால் 6 ஜூல்தான் வரும்.

ஆனால் 5.5 மில்லிமீட்டர் ஏர் கன் அந்தக் கணக்கில் சேராது. "தோட்டத்துக்கு மயில் வருது, ஒரு ஏர் கன் வாங்கித் தாங்க அண்ணே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 5.5 என்றால் லைசென்ஸ் வேண்டும். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் மயிலைச் சுட்டால் வனத்துறை வழக்குதான். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. விளையாட்டு வேறு, வேட்டை வேறு. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

லைசென்ஸ் தேவையில்லாத பிஸ்டலுக்கும் காகிதம் தேவை. வாங்கிய பில், அதில் சீரியல் எண், கிளப் அடையாள அட்டை, ஆதார் நகல். இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இன்னொரு செட் வீட்டில் இருக்கட்டும்.

.22க்கு மாறும்போது

25 மீட்டர் பிஸ்டலுக்கோ 50 மீட்டர் ரைபிளுக்கோ போனால் .22 அங்குலத் தோட்டா வந்துவிடும், லைசென்ஸும் வந்துவிடும். அவசரப்படாதீர்கள். கிளப் துப்பாக்கியில் இரண்டு வருடம் சுடுங்கள். அதற்கப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். சொந்த லைசென்ஸுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவம். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம். சென்னை போன்ற மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகம். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, கிளப் உறுப்பினர் சான்று, போட்டிகளில் எடுத்த ஸ்கோர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கொடுங்கள்.

எனக்குக் கையில் கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. காரணம் துப்பாக்கி அல்ல, கதவு எண். ஆதாரில் புதிய எண், பழைய பத்திரத்தில் பழைய எண், வரி ரசீதில் இரண்டும். விசாரணைக்குப் போன காகிதம் மூன்று முறை திரும்பி வந்தது. விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் செலவழித்து எல்லாக் காகிதத்திலும் முகவரியை ஒன்றாக்குங்கள். பெயரின் இனிஷியலும் அப்படியே.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு முன்பே சுவரோடு போல்ட் போட்ட ஒரு இரும்புப் பெட்டியைத் தயார் செய்துவிடுங்கள். "வாங்கினதும் செய்வேன்" என்று சொல்வதைவிடத் திறந்து காட்டுவது நல்லது. பழைய வழக்கு ஏதாவது இருந்தால், முடிந்துபோனதாக இருந்தாலும், எழுதிவிடுங்கள். மறைத்து வாங்கிய லைசென்ஸைப் பின்னால் ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடம் செல்லும், முன்பு 3. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் பொதுவாக 3லிருந்து 2 ஆகிவிட்டன. புதுப்பிக்க, முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வண்டி இன்சூரன்ஸை ஒரு நாள் விட்டால் அபராதத்தோடு போகும், லைசென்ஸ் முடிந்த துப்பாக்கி வீட்டில் இருந்தால் அது குற்றம். என் ஒர்க்‌ஷாப் காலண்டரில் கஸ்டமர் வண்டிகளின் எஃப்சி (தகுதிச் சான்று) தேதிக்குப் பக்கத்திலேயே இதையும் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

வண்டியில் எங்கே, எப்படி

என்னிடம் இருப்பது ஸ்விஃப்ட். டிக்கி தனி அறையாக இல்லாத எந்த வண்டியிலும் பின் கண்ணாடி வழியாகப் பெட்டி தெரியும். மேல் தட்டைக் கழற்றாதீர்கள், பெட்டிமேல் ஒரு பழைய கறுப்புப் போர்வையைப் போடுங்கள். கிளப் ஸ்டிக்கர், துப்பாக்கிப் படம் எதையும் வண்டியில் ஒட்டாதீர்கள். பார்க்கிங்கில் எந்தக் கண்ணாடியை உடைக்கலாம் என்று திருடனுக்கு நாமே வழிகாட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். மேகசின் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் போட்டு, பெட்டியைப் பூட்டி டிக்கியில் வைக்கிறேன். தோட்டா தனியாக, வேறு பூட்டு போட்ட டப்பாவில், பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில். இரண்டு சாவியும் வண்டிச் சாவிக் கொத்தில் இருக்கக் கூடாது. சர்வீஸுக்கோ வாட்டர் வாஷுக்கோ வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுவோம் இல்லையா, அதனால்தான்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். மூன்றாம் வருடம், அம்மையநாயக்கனூர் தாண்டி எனக்குப் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில். அதன்மேல் ரைபிள் பெட்டி, ஜாக்கெட் பை, ஏர் பிஸ்டலின் காற்று சிலிண்டர். எல்லாவற்றையும் எடுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்தால்தான் டயர் வெளியே வரும். நான் ஜாக்கி போடுகிற நேரத்தில் நான்கு பைக் நின்று வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து ஜாக்கி, ஸ்பானர், காற்றடிக்கிற சின்ன பம்ப், பஞ்சர் கிட் எல்லாம் டிரைவர் சீட்டுக்கு அடியில். டியூப்லெஸ் டயர் என்றால் ஆணியைப் பிடுங்காமல் காற்றை மட்டும் அடித்து அடுத்த பங்க் வரை போய்விடலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு நான்கு டயரோடு ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்த்துவிடுங்கள். வண்டி முற்றிலும் நின்றுபோனால் ரெக்கவரி வேன் வண்டியை எடுத்துப் போகட்டும், துப்பாக்கிப் பெட்டி உங்களோடு வர வேண்டும்.

அப்புறம் வெயில். ஏர் பிஸ்டல் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. வண்டி டயரில் இருப்பது 2 பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான், ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரியை எட்டும். 27 டிகிரியில் 200 பார் அடைத்த சிலிண்டர் அப்போது 222 பாருக்கு ஏறிவிடும். சிலிண்டரில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. எடுத்து ஒரு முறை பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கியவர்கள் கண்டிப்பாகப் பாருங்கள். நான் வெயில் காலத்தில் முழுதாக நிரப்பாமல் 150 பாரோடு எடுத்துப் போய் ரேஞ்சில் நிரப்பிக்கொள்கிறேன்.

பெட்டி டிக்கியில் இருக்கும் நாளில் எனக்கு வேறு வேலை கிடையாது. கல்யாண மண்டபம், மார்க்கெட், மாமியார் வீடு எதுவும் இல்லை. டீ குடிப்பதென்றால் வண்டி கண்ணில் படுகிற கடையில், கண்ணாடி கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்று குடிப்பேன்.

இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கஸ்டமர் ஹெட்லைட் எரியவில்லை என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். கடைப் பையன் ஃப்யூஸ் பார்க்க டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தான், உள்ளே துணியில் சுற்றிய ரிவால்வர். பத்தொன்பது வயதுப் பையன். கையில் எடுத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நல்ல வேளை, அவன் தொடாமல் என்னைக் கூப்பிட்டான். நானும் தொடவில்லை. கதவைச் சாத்தி, பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவருக்குப் போன் போட்டு, அவர் வரும்வரை முக்கால் மணி நேரம் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அது என் கடையில் இருந்தது, எங்கள் யாரிடமும் அதற்கு லைசென்ஸ் இல்லை.

வண்டியை நிறுத்தினால்

ஆயுதச் சட்டத்தின் 19வது பிரிவின்படி ஆயுதம் கொண்டுபோகிறவரிடம் போலீஸ் லைசென்ஸைக் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். அதனால் லைசென்ஸ் அசல் உங்களோடுதான் பயணம் செய்ய வேண்டும். அது எந்த மாவட்டம், எந்த மாநிலம் வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். போட்டிக்குக் கேரளா போகிறவர்கள் கிளம்பும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வையுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்: "சார், நான் ஷூட்டிங் விளையாடுறேன். டிக்கியில பூட்டின பெட்டியில பிஸ்டல் இருக்கு, காலியா இருக்கு. லைசென்ஸ் இந்தப் பையில இருக்கு, எடுக்கலாமா?" முதல் முறை நான் அப்படிச் செய்யவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னதும் உதவி செய்கிறேன் என்று பெட்டியையும் நானே படக்கென்று திறந்தேன். அந்த எஸ்.ஐ. இரண்டு அடி பின்னால் போய்க் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். அவர்மேல் தப்பே இல்லை. பெட்டியை அவர் திறக்கச் சொன்ன பிறகு, மெதுவாகத் திறந்து, நீங்கள் விலகி நில்லுங்கள்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் சரியாக இருக்கட்டும். சாதாரண நாளில் புகைச் சான்று முடிந்திருந்தால் சலான் போட்டு அனுப்பிவிடுவார்கள். துப்பாக்கியோடு இருக்கும் நாளில் அதே சின்னத் தப்பு, மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.

தேர்தல் அறிவித்த பிறகு கெடுபிடி வேறு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வந்தது. ரைபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் சுடும் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது தானாக வராது. கிளப் கடிதம், போட்டி அட்டவணை இரண்டையும் வைத்து மனு கொடுக்க வேண்டும். மனுவுக்குப் பதில் வரும்வரை நான் .22வை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். ஏர் பிஸ்டலில் மட்டும் பயிற்சி செய்தேன். ரசீதில் துப்பாக்கி எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று ஸ்டேஷன் ரைட்டர் முன்னாலேயே படித்துப் பாருங்கள்.

ஒற்றைத் தோட்டா

.22 தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. ஜாக்கெட் பாக்கெட்டில், சீட் இடுக்கில், பையின் தையலுக்குள் போய்விடும். அதுவே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. விமான நிலைய ஸ்கேனரில் பைக்குள் ஒரே ஒரு தோட்டா சிக்கி, விமானத்தை விட்டு ஸ்டேஷனுக்குப் போனவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை வேறு எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: கிளம்பும்போது எத்தனை, சுட்டது எத்தனை, திரும்பியது எத்தனை. கணக்கு உதைத்தால் ரேஞ்சிலிருந்து கிளம்ப மாட்டேன். ஒரு முறை ஒன்று குறைந்தது, நாற்பது நிமிடம் தேடினேன், கால்மிதிக்கு அடியில் கிடைத்தது. மறுநாள் அந்த வண்டி வாட்டர் வாஷுக்குப் போக வேண்டியது.

ஓட்டும் கையும் சுடும் கையும் ஒன்றுதான். ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து வந்தால் முன்கை விறைத்திருக்கும். 10 மீட்டர் போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். அந்தக் கை முதல் பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வந்து இறங்கி அரை மணி நேரமாவது நடந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். திரும்பும்போது தூக்கம் வரும், அதனால் மதியச் சாப்பாட்டைப் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

வீட்டில் இன்னொரு ஆளுக்கும் விவரம் தெரிய வேண்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், லைசென்ஸ் இல்லாத என் மனைவி அதை வைத்திருக்க முடியாது. தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கன் ஹவுஸிலோ (துப்பாக்கிக் கடை) ஒப்படைக்க வேண்டும். யாருக்குப் போன் செய்வது, காகிதம் எந்த உறையில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாவி இருக்கும் இடம் என்னைத் தவிர அவளுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைத் துடைத்து, காலியா என்று இன்னொரு முறை பார்த்து, பெட்டியை வைத்துப் பூட்டுவேன். நோட்டில் தேதி போட்டுக் கடைசி வரி எழுதுவேன்: "50 கொண்டுபோனது, 40 சுட்டது, 10 திரும்பியது, பீரோ பூட்டியது." அதற்குப் பிறகுதான் குளிக்கப் போவேன்.