போட் மெயிலுக்கு மேற்கோள் போடும்போது

மதுரை ஜங்ஷனில் ராமேசுவரம் பாசஞ்சர் ஏறினால், பெட்டிக்கு ஒரு பெரியவராவது "அந்தக் காலத்துல இதுலயே கொழும்புக்குப் போயிரலாம்" என்பார். இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுபோன 'போட் மெயில்' ரயிலைத்தான் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதை அப்படியே விக்கிப்பீடியாவில் எழுதி, பக்கத்தில் ஒரு மேற்கோள் எண்ணையும் போட்டால்தான் வம்பு.

கொழும்பு வரை போனது டிக்கெட், ரயில் அல்ல. தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே வேறு ரயில் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் அன்று மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் அகலப்பாதை. பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தாலும் அங்கே தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்காது. போட் மெயிலின் இன்னொரு பெயரான 'இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ்' என்பதை மட்டும் சான்றாகக் காட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

'போட் மெயில்' என்ற பெயரும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அதற்கு முன் போட் மெயில் என்றால் மதுரை வழியாகத் தூத்துக்குடி போன வண்டி. கொழும்புக்குக் கப்பல் அங்கிருந்து. அந்தக் காலத்துப் பயண நூலைத் தனுஷ்கோடிப் பத்திக்குக் கீழே வைத்தால், நூலும் சரி, பத்தியும் சரி, மேற்கோள் மட்டும் தப்பு.

1964 டிசம்பர் புயலில் கவிழ்ந்த, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653-ஆம் எண் பாசஞ்சருக்கு வருவோம். இறந்தவர்கள் 115 பேர் என்று சில இடங்களில் இருக்கும், 200-க்கு மேல் என்று சில இடங்களில். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்ப்பதா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் எழுதி, எதை யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். தேதியில் 22, 23 என்று வருவது முரண் அல்ல. வண்டி பாம்பனை விட்டது 22 நள்ளிரவை ஒட்டி.

இதே பத்திக்கு ஒருமுறை நான் மூன்று சுட்டிகள் தேடிப் போட்டேன், பெருமையாக. அப்புறம் பார்த்தால், மூன்றிலும் 'தனுஸ்கோடி' என்று ஒரே எழுத்துப்பிழை. எங்கள் கட்டுரையின் பழைய பதிப்பில் இருந்த பிழை அது! மூன்று பேரும் நம்மிடமே எடுத்ததை நான் திரும்பிப் போய்ச் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் சுட்டியின் தேதியையும் ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"புயலில் சேதமான பாலம் 46 நாளில் சீரானது, 2007-ல் அகலப்பாதை ஆனது" என்ற வாக்கியத்தின் கடைசியில் ஒரே எண். திறந்து பார்த்தால் 2003-ஆம் ஆண்டுச் செய்தி. 46 நாள் அதில் இருக்கலாம். 2007 எப்படி இருக்கும்? எந்தத் தகவலோ, அதை ஒட்டியே எண் வரட்டும்.

சுட்டி செத்துப்போகும், சேர்க்கும் அன்றே காப்பகப் பிரதி ஒன்று எடுத்துவிடுங்கள். நூல் என்றால் பக்க எண் கட்டாயம். இல்லாவிட்டால் நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும். போன மாதம் அந்த யாரோ ஒருவர் நான்.